நான்காம் கட்டடத்தில் மாவு பொங்கிய தை மாதம்

எங்கள் குடியிருப்பில் மாவு பொங்குவதை வைத்து ஆளை எடைபோடும் வழக்கம் வந்தது ஒரு தை மாதத்தில்தான். அதற்கு முன்னால் எடைபோடுவதற்கு வேறு எத்தனையோ வைத்திருந்தோம், யாருக்கு எந்தக் கம்பெனி, யார் வீட்டில் எத்தனை அறை, யார் பிள்ளை ஜப்பானியப் பள்ளி, யார் பிள்ளை இந்தியப் பள்ளி என்று. அத்தனையும் அந்தத் தையோடு பழங்கதையாகி, விடிந்ததும் யார் வீட்டு மாவுப் பாத்திரத்தின் மூடி எழும்பி நிற்கிறது என்பது ஒன்றே பேச்சாகிவிட்டது.

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், அரக்காவா ஆற்றுக்கு அந்தப் பக்கம், பதினோரு மாடிக் கட்டடங்கள் ஆறு வரிசையாக நிற்கும் குடியிருப்பு அது. அதில் நான்காம் கட்டடத்தில் மட்டும் ஒன்பது தமிழ்க் குடும்பங்கள். ஒன்பது வீட்டிலும் ஊரிலிருந்து பெட்டிக்குள் துணி சுற்றிக் கொண்டுவந்த கிரைண்டர், இந்த ஊர் மின்சாரம் நூறு வோல்ட் என்பதால் ஒவ்வொன்றுக்கும் கூடவே ஒரு டிரான்ஸ்ஃபார்மர். கிரைண்டர் ஓடினால் கீழ்வீட்டுக் கூரை முனகும். ஆகவே யார் என்றைக்கு மாவு ஆட்டுகிறார்கள் என்பது யாருக்கும் ரகசியம் இல்லை. ஆட்டி என்ன பயன்? மார்கழி வந்துவிட்டால் இங்கே மாவு பொங்காது. நாங்களும் செய்யாத வித்தை இல்லை. கொதட்சு என்று இந்த ஊரில் ஒரு குட்டை மேசை உண்டு, அடியில் ஹீட்டரும் மேலே கனத்த போர்வையுமாக. வீட்டுக்காரர் கால் நீட்டவேண்டிய அந்த இடத்தில் மாவுப் பாத்திரத்தை உட்கார வைத்தோம், வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டோம், கம்பளியில் சுற்றிக் கட்டிலில் படுக்கவைத்தோம், அப்போதும் அது காலையில் வைத்தது வைத்தபடி, வீம்பு பிடித்த மாப்பிள்ளையைப் போல முகத்தைத் தூக்கிக்கொண்டு கிடக்கும்.

அப்படியிருக்க, அந்தத் தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாளில், வாசல் செடிக்கு ஊற்றிய தண்ணீர் தொட்டியிலேயே கண்ணாடியாய் உறைந்து கிடந்த ஒரு காலையில், ஆறாம் மாடி தில்லைநாயகி வீட்டில் மாவு பொங்கியது. பொங்கியது என்றால் சும்மா இல்லை, மூடியைத் தள்ளிவிட்டு, பாத்திரத்தை விட்டு இறங்கி, கொதட்சுப் போர்வைக்குள் ஊர்ந்து, அந்தப் பக்கமாக வெளியே வந்து பாய் விரித்த தரையில் நுரைத்துக்கொண்டு நின்றது. தில்லைநாயகி அதைப் படம்பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். எல்லோரும் கைதட்டும் பொம்மை போட்டுவிட்டு உள்ளுக்குள் வயிறெரிந்தோம். நாலு நாள் கழித்து அவள் புருஷன், நகோயாவுக்கு மாற்றல் கேட்டுக் கையெழுத்துப் போட்டு இரண்டு மாதமாக அவளிடம் சொல்லாமல் இருந்ததை ஒப்புக்கொண்டான். அவன் ஒப்புக்கொண்ட மறுநாள் மாவு தட்டையாகக் கிடந்தது.

அடுத்த வாரம் மூன்றாம் மாடியில் சேர்ந்து தங்கியிருந்த இரண்டு எஞ்சினியர்கள் வீட்டில் மாவு பொங்கி, பிரிட்ஜ் கதவைத் தானே திறந்துகொண்டு வெளியே வந்தது. ஒருவன் மற்றவனுக்குத் தெரியாமல் வேறு வீடு பார்த்து முடித்திருந்தான். அதற்கடுத்து ஒன்பதாம் மாடியில், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு தினமும் ஸ்டேஷன் கடையில் பயறு வைத்த இனிப்பு பன் வாங்கித் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தது மாவினால்தான் பிடிபட்டது. மூன்று தரம் நடந்த பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஒரே மாவை உண்கிறவர்களில் ஒருவர் மற்றவரிடம் எதையாவது ஒளித்தால் அந்த வீட்டு மாவு பொங்கும், சொல்லிவிட்டால் அமுங்கும், அவ்வளவுதான் சங்கதி.

இதில் யாரும் வாய் பிளக்கவில்லை என்பதைச் சொல்லவேண்டும். இந்த ஊரில் தரை ஆடுகிறது, குளியல் தொட்டி வெந்நீர் தயார் என்று பாட்டுப் போட்டுக் கூப்பிடுகிறது, கழிப்பறை நாம் உள்ளே நுழைந்ததும் மூடியைத் தூக்கி வரவேற்கிறது, மாவுக்கு மட்டும் ஒரு வாய் இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுதான் எடுத்துக்கொண்டோம். எடுத்துக்கொண்ட பிறகு எங்கள் புத்தி வேலை செய்த விதம்தான் வேடிக்கை. ஒரு மாதத்தில் கல் இட்லி கௌரவச் சின்னமாகிவிட்டது. ஆண்கள் ஆபீசில் டிபன் பாக்ஸைத் திறந்து இட்லியை மேசை விளிம்பில் டக்கு டக்கென்று தட்டிக் காட்டினார்கள். எந்த வீட்டுக் குழந்தையாவது பள்ளியில் மெத்தென்ற இட்லி தின்றால் மாலைக்குள் அது நான்காம் கட்டடம் முழுக்கத் தெரிந்தது. காலை ஏழு மணிக்கு உப்பு இரவல் கேட்டு வருகிறவர்கள் அதிகமானார்கள், வந்தவர்களின் கண் உப்பு ஜாடியைத் தேடவில்லை. தோசை மட்டும் வார்ப்பவர்களைச் சந்தேகப்பட்டோம், தோசையில் என்ன பொங்கினது என்ன பொங்காதது என்று தெரியாதே. சப்பாத்திக்கு மாறியவர்களை அதைவிடச் சந்தேகப்பட்டோம். மாவே ஆட்டாத வீடு சந்தேகம், ஒரே நாளில் இரண்டு தரம் கிரைண்டர் ஓடுகிற வீடு மகா சந்தேகம்.

கீழ்த்தளத்து ஓகாவா-சான் மட்டும் இதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள், காக்கை கிளறாமல் எங்கள் கட்டடத்துக் குப்பைமேல் போர்த்தும் வலைக்கும் பொதுக்கூடத்துச் சாவிக்கும் பொறுப்பாளி. தவிட்டுப் பானையில் முள்ளங்கியும் வெள்ளரியும் ஊறப்போட்டு, தினம் ஒருதரம் கைவிட்டுக் கிளறுகிறவள். நான் மாவு விஷயத்தைச் சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "என் தவிடும் அப்படித்தான் இருந்தது. என் கணவர் உயிரோடு இருந்தவரைக்கும் பானை வழியும். இப்போது நான் ஒருத்திதானே, அமைதியாக இருக்கிறது. ஊறுகாயில் புளிப்பே ஏறுவதில்லை," என்று ஜப்பானிய மொழியில் சொல்லி, கையைத் தவிட்டிலிருந்து எடுத்துக் கழுவினாள்.

இனி என் கதை. என் வீட்டிலும் மாவு பொங்கியது, ஒன்பதாம் மாடி மாமனார் பிடிபட்ட அதே வாரத்தில், தில்லைநாயகி வீட்டைவிட அதிகமாக. காரணம் எனக்கு நன்றாகத் தெரியும்.

என் வீட்டுக்காரர் சிவசைலத்தைத் தெரியாத தமிழர் இந்தப் பக்கம் இல்லை. திருநெல்வேலிச் சைவ வீட்டுப் பிள்ளை, முட்டை ஓடு மிதித்தாலும் கால் கழுவுகிற குடும்பம். ஜப்பானுக்குக் கிளம்புமுன்பே எழுத்துப் படித்து, வந்த நாள்முதல் கடை கடையாக நின்று பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படித்து, ரொட்டியில் பன்றிக் கொழுப்பு, உருளைக்கிழங்கு வறுவலில் கோழிச் சாறு, சோயா சாஸில் மீன் என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து ஒரு பட்டியல் போட்டார். சாப்பிடலாம், கூடாது, சந்தேகம் என்று மூன்று பத்தி, மூன்றில் சந்தேகம்தான் நீளம். புதிதாக வந்து இறங்குகிற சைவர்களுக்கு விமான நிலையத்திலேயே அந்தப் பட்டியல் போனில் வந்துவிடும். நாலு வருஷத்தில் ஒரு தரம்கூடத் தவறவில்லை என்று நாலு பேர் நடுவில் அவர் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

அந்த மனுஷனுக்கு நான் நாலு வருஷமாக மீன் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

வேண்டுமென்று இல்லை. நாங்கள் குடிவந்த வாரம் ஓகாவா-சானுக்கு ஒரு கிண்ணத்தில் உளுந்து வடை கொடுத்தேன். காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தரக்கூடாது என்பது நமக்கு மட்டுமில்லை, அவர்களுக்கும் வழக்கம். கிண்ணத்தில் சூப்பில் கரைக்கும் பொடி ஒரு பாக்கெட் வந்தது. மீன் உண்டா என்று கையால் நீச்சலடித்துக் காட்டிக் கேட்டேன். "மீன் இல்லை, இது வெறும் தஷி," என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, இந்த ஊரில் தட்டில் கண்ணோடும் வாலோடும் கிடந்தால்தான் மீன், குழம்பில் கரைந்துவிட்டால் அது ருசி. ரசத்தில் அரை ஸ்பூன் போட்டேன். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, சற்று நிதானித்து, "ஆவுடை, உன் கைமணமே தனி," என்றார். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். பாக்கெட்டால் வந்த பெயர் என்று சொல்லிக்கொள்ள எனக்கு என்ன கிறுக்கா? பேசாமல் அதே பாக்கெட்டைக் கடையில் தேடித் தேடி வாங்கினேன்.

போன ஐப்பசியில், வார்டு ஆபீஸ் நடத்தும் மொழி வகுப்பில், வீட்டிலிருக்கும் ஏதாவது பாக்கெட்டைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னார்கள். நான் கொண்டுபோனது அது. முதல் வரியில் ஒரு எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. வாத்தியாரம்மா சிரித்துக்கொண்டே பலகையில் ஒரு மீன் வரைந்து, கண் வைத்து, பக்கத்தில் காட்சுவோ என்று எழுதினாள். தூத்துக்குடிப் பக்கம் மாசி என்பார்களே, அதே சூரை மீன் கருவாடு. வகுப்பில் எல்லோரும் எழுதிக்கொண்டார்கள், எனக்குக் கை ஓடவில்லை. வீட்டுக்கு வந்து பாக்கெட்டை உளுந்து டின்னுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, அன்றைக்கு அது இல்லாமல் ரசம் வைத்தேன். அவர் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து, "இன்னைக்கு ரசத்துக்கு என்ன ஆச்சு, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். மறுநாள் உளுந்து டின்னுக்குப் பின்னால் கைவிட்டேன். தெரியாமல் போட்டது நாலு வருஷம், அதற்குக் கடவுளிடம் பேசிக்கொள்வேன். தெரிந்து போட்டது மூன்று மாதம், அதை அவரிடமல்லவா பேசவேண்டும்.

அதனால்தான் மாவு வழிந்த காலையில் அவர் எழுமுன் அதை வழித்து அள்ளினேன். விஷயம் தெரிந்தால் அவர் சத்தம் போடமாட்டார், ஆனால் அதற்குப் பிறகு நான் வைக்கும் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிப்பார், அந்த ஒரு பார்வையோடு மிச்ச ஆயுளைக் கழிக்க என்னால் முடியாது. ஆகவே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலையை ஆரம்பித்தேன். விடியுமுன் எழுந்து, பொங்கிய மாவை ஜப்பானிய நாளிதழில் பொட்டலம் கட்டிக் குப்பைப் பையின் அடியில் திணித்து, பகலிலேயே கூடுதலாக ஆட்டிப் பிரிட்ஜில் ஒளித்துவைத்திருந்த தனி மாவை எடுத்து அதே பாத்திரத்தில் ஊற்றி மூடிவைப்பேன். ஒரு மணி நேரத்தில் எந்த மாவு பொங்கும்? அவர் எழுந்து வந்து மூடியைத் திறந்து பார்த்து, "பாத்தியா, நம்ம வீட்டு மாவு கிணத்துத் தண்ணி மாதிரி அசையாம கிடக்கு," என்று சந்தோஷப்படுவார். பிறகு கல் இட்லியைக் கடித்துக் கடித்துத் தின்றுவிட்டு ஆபீசுக்குத் தட்டிக் காட்டக் கொண்டுபோவார். எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

இந்த ஊரில் குப்பைப் பை கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரிகிற பையாக இருக்கவேண்டும் என்பது சட்டம். மனுஷக் கண்ணுக்கு நாளிதழ்தான் தெரிந்தது. காக்கைகளுக்கு அப்படியில்லை. ஒரு வியாழக்கிழமை காலை அவை வலையைத் தூக்கி, பையைக் கிழித்து, பொட்டலத்தைப் பிய்த்துத் தின்றுவிட்டு, மூக்கெல்லாம் வெள்ளையாக எங்கள் கட்டடத்துக் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்பது குடும்பமும் பார்த்தது. தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் மங்கையர்க்கரசி அக்கா, மதுரைக்காரி, அரசி அக்கா என்றால்தான் தெரியும், குப்பை மேட்டின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"பொங்குன மாவைக் கொட்டுற வீடு ஒண்ணு நம்ம கட்டடத்துல இருக்குப்பா. நமக்கு முன்னாடி கல் இட்லிய நீட்டிட்டு, பின்னாடி இந்த வேலை பாக்குது. இத விடக்கூடாது."

அன்று சாயங்காலமே முடிவாகிவிட்டது. சனிக்கிழமை பொழுது சாயுமுன் ஒன்பது வீடும் புதிதாக ஆட்டிய மாவைப் பெயர் ஒட்டிப் பொதுக்கூடத்தில் கொண்டுவந்து வைப்பது, கூடத்தைப் பூட்டிச் சாவியை ஓகாவா-சான் வைத்துக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் ஒவ்வொரு மூடியாகத் திறப்பது. பேச்சுக்கு அதன் பெயர் இட்லி விருந்து. யார் வீட்டுப் பாத்திரத்தை முதலில் திறப்பது என்று எல்லோரும் தரையைப் பார்த்தபோது, என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எங்க வீட்டுப் பாத்திரத்த முதல்ல திறங்க," என்றார். அவரைப் பார்த்து நாலு பேர் தலையாட்டினார்கள்.

பூட்டிய கூடத்தில் மாவை மாற்ற முடியாது. சொன்னால் அமுங்கும், அது ஒன்றுதான் வழி. சனிக்கிழமை மத்தியானம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னேன், அந்தச் சத்தத்தில் பாதியாவது கேட்காமல் போகட்டும் என்ற நப்பாசையில்.

"அத்தான், ரசத்துல நான் போடுத பொடி மீன் பொடி."

அவர் கிரைண்டரை நிறுத்தினார். "என்ன சொல்லுதே?"

மறுபடியும் முதலிலிருந்து சொல்லவேண்டியதாயிற்று. வடைக் கிண்ணம், நீச்சலடித்துக் கேட்டது, கைமணம், வகுப்பு, பலகையில் கண் வைத்த மீன், உளுந்து டின், பிரிட்ஜில் ஒளித்த மாவு, காக்கை மூக்கு, ஒன்றையும் விடவில்லை. அவருடைய போனை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தது, அவர் அம்மா அனுப்பிய ஊறுகாய் பூஞ்சை பிடித்ததென்று பொய் சொல்லிக் கொட்டியது, அதையும் சேர்த்துச் சொன்னேன், ஒரு துளிகூட மிச்சம் வைக்கக்கூடாதல்லவா. அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"எப்பம் தெரியும் உனக்கு?"

"ஐப்பசியில."

"அதுக்கப்புறமும் போட்ட?"

"போட்டேன்."

பிறகு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு மணி நேரம் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. நாலு வருஷத்து மீனை வாயிலிருந்தும் வயிற்றிலிருந்தும் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதேன். என் அப்பா செத்ததற்குக்கூட அப்படி அழவில்லை. வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல், "சரி, பாத்திரத்தக் கொண்டுபோய் வச்சிட்டு வருவோம்," என்றார். அழுத முகத்தோடு பின்னாலேயே போனேன். வெட்கமும் துக்கமும் இருந்தாலும் ஒரு பக்கம் மனசு இலேசாகத்தான் இருந்தது, நாளைக் காலை என் மாவு தட்டையாகக் கிடக்கும், அது போதும் என்று.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூடத்தில் நீள மேசையில் ஒன்பது பாத்திரங்களும் வரிசையாக இருந்தன. ஹீட்டர் போடாத கூடம், வாயைத் திறந்தால் புகை வந்தது. ஓகாவா-சான் ஒரு பெரிய கெண்டியில் தேநீரோடு ஓரமாக நின்றாள். அரசி அக்கா எங்கள் பாத்திரத்தின் பக்கம் போனாள். அவள் மூடியைத் தொடவேண்டிய வேலையே இருக்கவில்லை. அவள் கை நீட்டும்போதே மூடி தானாகச் சரிந்து மேசையில் விழுந்து உருண்டது. மாவு வெள்ளை வெளேரென்று எழுந்து, என் பெயர் வெட்டிய பாத்திரத்தின் விளிம்பைத் தாண்டி, மேசையில் இறங்கி, விரிப்பில் பரவி, அரசி அக்காவின் சேலை முந்தானை வரைக்கும் வந்து நின்றது.

பொங்கியது மாவு, எல்லோரும் பார்த்தது என்னை. வீட்டில் ஒரு தப்பு என்றால் பொம்பளையைத்தானே பார்ப்பார்கள்.

"என்னத்தா ஆவுடை, நீயா?" என்றாள் அரசி அக்கா. குரலில் கோபத்தைவிட ருசி அதிகமாக இருந்தது.

"எனக்கு ஒளிக்க ஒண்ணும் மிச்சம் இல்லக்கா. எல்லாத்தையும் நேத்தே இவ்வோகிட்ட சொல்லிட்டேன்," என்றேன். சொல்லும்போதுதான் நான் சொன்னது என்னவென்று எனக்கே விளங்கியது. திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். எல்லோரும் என்னைப் பேசிவிட்டுப் போயிருப்பார்கள், அவருடைய பட்டியல் பத்திரமாக இருந்திருக்கும், நானும் ஆயுசுக்கும் அந்த மாவின் சொந்தக்காரியாக இருந்திருப்பேன். அவர் அதை யோசித்தார் என்பது அவர் கழுத்து நரம்பில் எனக்குத் தெரிந்தது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா? பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பொங்கினது என்னோடது," என்றார். "எங்க வீட்டு ரசத்துல மீன் பொடி விழுது. நாலு வருஷமா விழுது. அவளுக்குத் தெரிஞ்சது மூணு மாசமாத்தான். எனக்கு முதல் வாரமே தெரியும்."

அரசி அக்கா முந்தானையை மாவிலிருந்து இழுத்துக்கொண்டாள். அவர் நிறுத்தவில்லை.

"கடை கடையா நின்னு லேபிள் படிக்கிறவன், எங்க வீட்டு அலமாரியில இருக்கிறதப் படிக்காம இருப்பேனா? படிச்சேன். படிச்சிட்டு, இருந்த இடத்துலயே வச்சேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு தரம் ரசம் வாங்கிக் குடிச்சேன். வீட்டுல மாவு அசையாம கிடக்கதப் பாத்து, இது குத்தத்துல சேராதுபோலன்னு நெனச்சிக்கிட்டேன். இவ தினம் அதக் கொட்டிக்கிட்டு இருந்தது நேத்துதான் தெரியும்."

அவர் பேசப் பேச மாவு இறங்கியது. விரிப்பிலிருந்து பின்வாங்கி, பாத்திரத்தின் விளிம்புக்குள் ஏறி, உள்ளே அமர்ந்து, கடைசியில் வேலை முடிந்து உட்காருகிற ஆள் மாதிரி ஒரு நீள மூச்சு விட்டது. மூன்றாம் மாடி எஞ்சினியர் ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"அப்ப அந்தப் பட்டியல், அண்ணே?"

"பட்டியல் சரியாத்தான் இருக்கு தம்பி. நான்தான் சரியில்ல."

அரசி அக்கா அடுத்த பாத்திரத்தை நோக்கிக் கையைக் கொண்டுபோனாள். அது அவளுடையது. மூடிமேல் கை வைத்தவள் அதைத் தூக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, "நேரமாச்சுப்பா, அவங்கவங்க பாத்திரத்த அவங்கவங்க எடுத்துக்கங்க, பிள்ளைகளுக்குப் பசிக்கும்," என்றாள். எட்டுக் குடும்பமும் எட்டுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு, மூடியை உள்ளங்கையால் அழுத்தியபடி, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் லிப்டுக்குள் நெருக்கியடித்து நின்றார்கள். நானும் அவரும் படியேறினோம்.

எங்கள் வீடு ஏழாம் மாடி. இரண்டாம் மாடி திரும்பும்போது கேட்டேன்.

"அழுதேன்லா? அந்தக் கதவுகிட்ட உக்காந்து ஒரு மணி நேரம் அழுதேன்லா? கேட்டுச்சா இல்லையா?"

"கேட்டுச்சு."

"அப்பமாவது சொல்லியிருக்கலாம்லா? நான் என்னமோ உங்களுக்கு விஷம் வச்ச மாதிரி..."

பாத்திரத்தை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அவர் படியில் நின்றார். "சொன்னா நீ நிறுத்திருவேன்னுதான் சொல்லல. நேத்தும் அதுதான் தோணிச்சு. உள்ள நின்னு, இனிமே அந்த ரசம் இல்லையேன்னுதான் நெனச்சேன். உன்ன நெனைக்கல. நெனச்சிருக்கணும்."

இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றாம் மாடியில் அந்த மனுஷனை வெறுத்தேன், மாவோடு பாத்திரத்தைப் பிடுங்கித் தலையில் கவிழ்க்கலாமா என்றிருந்தது. ஐந்தாம் மாடியில், ஒரு கரண்டி ரசத்துக்காக நாலு வருஷம் திருடனாக வாழ்ந்திருக்கிறாரே என்று பாவமாக இருந்தது. ஏழாம் மாடிக்கு வந்ததும் மறுபடியும் வெறுத்தேன். கதவைத் திறந்து நேராகப் போய் உளுந்து டின்னுக்குப் பின்னாலிருந்து பாக்கெட்டை எடுத்து, குப்பைப் பையில், பெயர் வெளியே தெரிகிற மாதிரி போட்டேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார், தடுக்கவில்லை.

அன்று மாலை எந்த வீட்டிலும் கிரைண்டர் ஓடவில்லை, ஒவ்வொரு மாடியிலும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர் வழியாக வார்த்தை கேட்கவில்லை, நடுநடுவே ஒரு விசும்பல், ஒரு நாற்காலி நகர்வது, ஒரு வீட்டில் திடீரென்று சிரிப்பு. நான் புளி கரைத்தேன். இந்த ஊர்த் தக்காளி இனிப்பு, அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகப் புளியும் மிளகும் வைத்து, பூண்டு தட்டி, உறைந்த கறிவேப்பிலையை நெய்யில் பொரித்துக் கொட்டி, பொடி கிடி எதுவும் இல்லாமல் எனக்குத் தெரிந்த ரசத்தை வைத்தேன். அவர் சோற்றில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்கு," என்றார், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லாமல், என் கண்ணைப் பார்த்து. இன்னொரு கரண்டியும் வாங்கிச் சாப்பிட்டார்.

அமுங்கிப்போன அந்த மாவையே ஒரு கலக்குக் கலக்கி மூடி, கொதட்சுக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். திங்கட்கிழமை விடிந்ததும் போர்வையை விலக்கிப் பார்த்தேன். வழியவில்லை, இறங்கி ஓடவில்லை, மூடி ஒரே ஒரு விரற்கடை தூக்கியிருந்தது. இட்லிக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. உள்ளே அவர் பல் தேய்க்கும் சத்தம் கேட்டது. நான் ரசத்தைப் பற்றி இன்னொரு தரம் கேட்காமல் இட்லித் தட்டில் எண்ணெய் தடவ ஆரம்பித்தேன்.